டாக்டர் பட்டம் பெற்றவனும் பதிலித் தொழிலாளியா?

"மில் தொழிலாளியின் மகன் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டான், இனி அவனுக்கென்ன குறை?" என்று சிலர் கேட்கிறார்கள். குறை என்னவென்று கேளுங்கள், தோழர்களே!

பட்டம் வாங்கியவன் ஆராய்ச்சித் துறையில் காலூன்ற வேண்டுமானால், ஏதாவதொரு சர்வகலாசாலையில் இரண்டு மூன்று வருஷம் தற்காலிக ஆராய்ச்சியாளனாக உழைக்க வேண்டும். தவணை முடிந்தால் வெளியே! மில் வாசலில் "இன்று வேலை உண்டா?" என்று காத்து நிற்கும் பதிலிக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தப் பதிலி இடமாவது கிடைக்கிறதா? 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு ராதாகிருஷ்ணன் பெயரில் அறிவித்த உதவித்தொகைக்கு நாடு முழுமைக்கும் 900 இடங்கள். மாதம் 50,000 ரூபாய். 2021-22 சர்க்கார் கணக்குப்படி சர்வகலாசாலைகளோ 1,168. டாக்டர் பட்டத்துக்குப் படிப்போர் 2 லட்சத்துக்கு மேல். சர்வகலாசாலைக்கு ஒரு இடம்கூடத் தேறவில்லை!

வேறு சில திட்டங்களும் உண்டு. ஆனால் மனுப் போடுகிறவன் தானே ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கி வர வேண்டும். பெரிய இடத்துப் பிள்ளைக்கு அப்பாவின் சிநேகிதர் இருப்பார். சிங்காநல்லூர் லைன் வீட்டுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

"திறமையிருந்தால் இடம் தானே வரும்" என்று உபதேசிக்கும் கனவான்களுக்கு நமது ஊர்ச் சங்கதியையே நினைவூட்டுகிறோம். 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புப் போலீசார் கைது செய்தார்கள். உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் 30 லட்சம் ரூபாய் லஞ்சம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் பொறுப்பு. ஆனால் நிரந்தர வேலை அருகிப்போன இடத்தில் பேரம் தலைதூக்கும் என்பதைச் சொல்லக் கோர்ட் வேண்டாம்.

"இது படித்தவன் பாடு, கூலிக்காரனுக்கு என்ன?" என்று கேட்கும் தோழரே, யோசியுங்கள். 1912-ல் கோவையில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையம் காட்டுக் கரும்பையும் நாட்டுக் கரும்பையும் கலந்து 1918-ல் கோ 205 ரகத்தைத் தந்தது. வடநாட்டுக் கரும்பு வயல்களின் முகமே மாறியது. நமது மில்களுக்கு நீண்ட இழைப் பஞ்சு தந்த எம்.சி.யு. 5 ரகமும் 1968-ல் கோவையில் பிறந்ததே. ஒரு புதுக் கரும்பு ரகம் வயலுக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேலாகும். மூன்று வருஷத்தில் விரட்டப்படுகிறவன் அதைக் கண்ணால் காண்பானா?

2023-ல் மத்திய சர்க்கார் புது ஆராய்ச்சி நிதிச் சட்டம் போட்டது. ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்று தம்பட்டம் அடித்தது. அதில் 36,000 கோடி சர்க்காருக்கு வெளியிலிருந்து வரவேண்டுமாம்! முதலாளி பணம் போட்டால் முதலாளிக்கு லாபம் தரும் ஆராய்ச்சிதான் நடக்கும். பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சடைக்கும் தொழிலாளியைப் பற்றியும், பூச்சிமருந்து தெளித்து மயங்கி விழும் கூலியாளைப் பற்றியும் எந்த முதலாளி ஆராயச் சொல்வான்?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை: காலியான பேராசிரியர் இடங்களை நிரந்தரமாக நிரப்பு! ஆராய்ச்சி இடங்களைப் பகிரங்கமாக அறிவித்து, இட ஒதுக்கீட்டுடன் தேர்ந்தெடு! உதவித்தொகையை மாதந்தோறும் கொடு! ஆராய்ச்சிச் செலவைச் சர்க்காரே ஏற்றுக்கொள்!

மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். பதிலி முறையை மில்லில் எதிர்க்கிற நாம், சர்வகலாசாலையில் மட்டும் அனுமதிப்பதா?