மணமுறிவில் மறைந்துபோகும் சொத்து

புது தில்லி: நிறுவனம் ஒன்று நொடித்துப் போனால், அதன் சொத்துகளை மதிப்பிடப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் திவால் சட்ட நடைமுறை. திருமணம் ஒன்று நொடித்துப் போனால்? அந்தக் காலத்தில் இருவரும் சேர்த்த செல்வத்தை யார் மதிப்பிடுவது, எந்தத் தேதியில் மதிப்பிடுவது, எந்த விகிதத்தில் பிரிப்பது என்பது பற்றி 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

இந்த வெற்றிடத்தின் ஆழத்தை அறியப் பெங்களூரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்டைப் பார்த்தால் போதும். 1882-இல் ஆங்கிலோ-இந்தியர்களின் குடியேற்றமாகத் தொடங்கிய அந்த ஊர், இன்று மென்பொருள் நிறுவனங்களின் கோட்டை. தமிழகத்திலிருந்து சென்று அங்கு வேரூன்றிய குடும்பங்களும் உண்டு. அங்குள்ள இளம் தம்பதியரின் செல்வம் நிலத்திலும் நகையிலும் மட்டும் இல்லை. 'ஈசாப்' எனப்படும் பணியாளர் பங்குகள், புதிதாகத் தொடங்கிய நிறுவனத்தின் பங்குகள், பரஸ்பர நிதி என அது கண்ணுக்குத் தெரியாத வடிவங்களில் இருக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கணவர் வேலையை விட்டுவிட்டு நிறுவனம் தொடங்குகிறார். முதல் நான்கு ஆண்டுகள் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மனைவியின் சம்பளத்தில் நடக்கின்றன. நிறுவனம் தலைதூக்கியதும், குழந்தைகளைக் கவனிக்க மனைவி வேலையை விடுகிறார். பத்தாம் ஆண்டில் மணமுறிவு. கணவரின் மாதச் சம்பளம் சிறு தொகை. அவர் பெயரில் உள்ள பங்குகளின் மதிப்போ பல கோடி. சம்பளச் சீட்டைப் பார்த்து ஜீவனாம்சம் நிர்ணயிக்கப்பட்டால், மனைவியின் நான்காண்டு உழைப்பு எந்தக் கணக்கில் வரும்? மனைவி நிறுவனராகவும் கணவர் குடும்பத்தைத் தாங்கியவராகவும் இருந்தால், இதே கேள்வியை அவரும் கேட்கலாம்.

சட்டம் சொல்வது என்ன?

இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு நிரந்தர ஜீவனாம்சம் பற்றிப் பேசுகிறது. எதிர்த்தரப்பின் வருமானத்தையும் சொத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். ஆனால், அது உதவித்தொகைக்கான அளவுகோலே தவிர, சொத்தில் பங்குரிமை ஆகாது. 27-ஆவது பிரிவோ, திருமணத்தின்போது அல்லது அதையொட்டி அளிக்கப்பட்ட, இருவருக்கும் பொதுவான பொருள்களோடு நின்றுவிடுகிறது. அதாவது, கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குத்துவிளக்குக்குச் சட்டத்தில் இடம் உண்டு. பத்தாண்டு உழைப்பில் விளைந்த பங்குக்கு இடம் இல்லை.

சொத்து, கடன் விவரங்களை இரு தரப்பினரும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் உத்தரவிட்டது வரவேற்கத்தக்கது. ஆனால், சொத்தை வெளியிடுவது வேறு, பிரிப்பது வேறு.

கிடைத்த வாய்ப்பு, நழுவிய வாய்ப்பு

இந்தக் குறையைக் களைய நாடாளுமன்றத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கர்நாடகத்தைச் சேர்ந்த வீரப்ப மொய்லி சட்ட அமைச்சராக இருந்தபோது, 2010-இல் திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. பின்னர் அதில் சேர்க்கப்பட்ட பிரிவு, கணவரின் அசையும், அசையாச் சொத்துகளில் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பங்கு அளிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது.

2013 ஆகஸ்ட் 26 அன்று மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. அதே நாளில் மக்களவை உணவுப் பாதுகாப்பு மசோதாவை நிறைவேற்றியதால், நாட்டின் கவனம் முழுவதும் அங்கே குவிந்தது. மக்களவைக்குச் சென்ற திருமண மசோதா அங்கேயே கிடந்து, 2014-இல் அவை கலைந்தபோது காலாவதியானது. மாநிலங்களவையிலேயே தேங்கியிருந்தால், அரசியல் சாசனத்தின் 107-ஆவது பிரிவுப்படி அது உயிரோடு இருந்திருக்கும். ஓர் அவை நிறைவேற்றியதே அதற்கு வினையாய் முடிந்தது.

அந்த மசோதாவிலும் குறை இருந்தது. மனைவி மட்டுமே பங்கு கோரலாம் என்றது. மதிப்பீட்டு முறை பற்றி மௌனம் சாதித்தது.

எந்தத் தேதியின் மதிப்பு?

ஜீவனாம்சத்தை இரு தரப்பின் செல்வத்தையும் சமப்படுத்தும் கருவியாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஒரு வழக்கில் எச்சரித்து, 12 கோடி ரூபாயை நிர்ணயித்தது. பிரிந்த பிறகு கணவர் ஏழையாகிவிட்டால் அப்போதும் மனைவி சமபங்கு கேட்பாரா என்பது நீதிபதிகள் எழுப்பிய கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கான விடை, மதிப்பீட்டுத் தேதியைச் சட்டமே நிர்ணயிப்பதில் இருக்கிறது.

பெங்களூரின் பைஜூஸ் நிறுவனம் 2022-இல் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்டது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. பங்கின் மதிப்பு இப்படி ஏறி இறங்கும் காலத்தில், தேதி குறிக்காத பிரிவினை இரு தரப்புக்கும் அநீதி.

பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை உறவினர் பெயருக்கு மாற்றுவதும் எளிது. ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவின் மணமுறிவு வழக்கு கலிபோர்னியாவில் நடப்பது 2023-இல் பரவலாகத் தெரியவந்தது. பங்குகள் மாற்றப்பட்டதாக மனைவி தரப்பு கூறியது, அவர் மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பதை முடிவு செய்வது நம் வேலை அல்ல. மணவாழ்வில் ஈட்டியது இருவருக்கும் பொது என்ற சட்டம் அங்கு இருப்பதால், அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்ப முடிந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

இது மேலைநாட்டு வழக்கம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1867-ஆம் ஆண்டின் போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் வழியில், தம்பதியரின் சொத்து பொதுவானது என்ற நெறி கோவாவில் இன்றும் நடைமுறையில் உள்ளது. கணவரின் வருவாயில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பராமரித்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது.

பங்கைப் பிரித்தால் நிறுவனம் சிதையும், ஊழியர்கள் பாதிக்கப்படுவர் என்ற அச்சமும் எழலாம். பங்கையே பிரித்துத் தர வேண்டியதில்லை. நிர்வாகத்தை நிறுவனரிடமே விட்டுவிட்டு, உரிய தொகையைத் தவணைகளில் வழங்கச் செய்யலாம். கைக்கு வந்து சேராத பணியாளர் பங்குகளை, அவை வந்து சேரும்போது மட்டும் கணக்கிடலாம்.

ஆகவே, மத்திய அரசு புதிய மசோதா கொண்டுவர வேண்டும். மணவாழ்வில் ஈட்டிய சொத்து எது என்ற விளக்கம், பிரிந்த நாளே மதிப்பீட்டு நாள் என்ற விதி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை நியமிக்கும் அதிகாரம், வழக்கு முடியும்வரை பங்கு மாற்றத்துக்குத் தடை, இருபாலருக்கும் சம உரிமை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். நொடித்துப் போன நிறுவனத்துக்குக் காட்டும் அக்கறையை, முறிந்துபோன குடும்பத்துக்கும் நாடாளுமன்றம் காட்டட்டும்.