ஐ7-ஆன்னு கேக்காதீங்க, சாக்கெட் எதுன்னு கேளுங்க

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம். இன்னிக்கு கொஞ்சம் கடுப்புல எழுதறேன், பொறுத்துக்குங்க மக்கா.

சிதம்பரத்துலேர்ந்து அக்கா பையன் போன் பண்ணினான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங். "மாமா, புது கம்ப்யூட்டருக்கு கொட்டேஷன் வாங்கிட்டேன். இருபது கோர்!"ன்னான். காலேஜ் ப்ராஜெக்டுக்குன்னு வீட்ல சொல்லியிருக்கான். எதுக்குன்னு எனக்குத் தெரியாதா, நானும் அந்த வயசைத் தாண்டி வந்தவன்தான் :-) ஆனா பணம் அக்கா வளையலை அடகு வச்ச பணம். அதான் கொட்டேஷனை அனுப்புடான்னேன்.

பாத்தா இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே, அதுக்கு ஒரு எல்ஜிஏ 1851 போர்டு. கிராபிக்ஸ் கார்டு? கடைசி வரியில, இலை ஓரத்துல ஊறுகாய் வச்ச மாதிரி ஒண்ணு. "பழைய ஐ7தான் தம்பி, பேரை மாத்திட்டாங்க"ன்னு கடைக்காரர் சொன்னாராம்.

2024 அக்டோபர்ல இந்த பிளாட்பார்ம் வந்தப்ப, கேமிங்ல பழைய 14900கே அளவுக்கு ஓடும், கரண்டு கம்மியா இழுக்கும்னுதான் இன்டெல்லே சொல்லிச்சு. சோதிச்சுப் பாத்தவங்க கையில பல கேம்ல அதுக்கும் பின்னாடி நின்னுச்சு. அப்புறம் பயாஸ், விண்டோஸ் அப்டேட்டுன்னு ஒட்டுப் போட்டாங்க, கொஞ்சம் தேறிச்சு. அடுத்த மாசமே ஏஎம்டி 9800எக்ஸ்3டி-யை இறக்கிச்சு. எட்டே கோர்தான், ஆனா 96 எம்பி எல்3 கேஷ். 265கே-ல 30 எம்பி. தாளிக்கறப்ப கை நீட்டினா அஞ்சறைப் பெட்டியில கடுகு இருக்கணும். ஒவ்வொரு தடவையும் தெருமுனை மளிகைக் கடைக்கு ஓடினா எண்ணெய் கருகிடும். அந்தப் பெட்டிதான் கேஷ், மளிகைக் கடைதான் ரேம். கேமுக்கு இருபது கோரைவிட இந்தப் பெட்டி பெருசா இருக்கறதுதான் முக்கியம்.

உடனே 9800எக்ஸ்3டி வாங்குன்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. பையன் வச்சிருக்கறது 75 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதுல அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நான் சொல்றது ஒரு ஏஎம்5 போர்டு, ஆறு கோர் ரைசன் 5 7600, மிச்ச காசு பூரா கிராபிக்ஸ் கார்டுக்கு. வேலைக்குப் போனப்புறம் ப்ராசஸரை மட்டும் கழட்டி மாட்டிக்கட்டும். 2022-ல வந்த ஏஎம்5 போர்டுலயே பயாஸ் அப்டேட் பண்ணினா 9800எக்ஸ்3டி ஓடுது. 2027-க்கு அப்புறமும் இந்த சாக்கெட் இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்கு.

இன்டெல் பக்கம் பாருங்க. 2015-ல 1151. 2017-ல அதே 1151, ஆனா பழைய போர்டுல புது ப்ராசஸர் ஓடாது (இதுக்கு என்ன பேரு வைக்கறது?). 2020-ல 1200, 2021-ல 1700, 2024-ல 1851. பத்து வருசத்துக்குள்ள அஞ்சு போர்டு!

"யாருய்யா ப்ராசஸர் மட்டும் மாத்தறாங்க?"ன்னு பின்னூட்டத்துல வருவீங்க, தெரியும். நான் மாத்தினேன். 2018-ல ரைசன் 5 2600, பி450 போர்டு. 2023-ல அதே போர்டுல 5800எக்ஸ்3டி. பயாஸ் ஏத்தறப்ப கடலூர் கரண்டை நம்பி உக்கார முடியுமா, பக்கத்து வீட்டு யூபிஎஸ்ஸையும் கடன் வாங்கி வச்சுக்கிட்டு சாமி கும்பிட்டேன். அஞ்சே நிமிசம். ரேமைக்கூடத் தொடலை.

ஏஎம்டி ஒண்ணும் மகாத்மா இல்லை. 2020 மே மாசம் இதே பி450-ல 5000 வரிசை ஓடாதுன்னு அறிவிச்சாங்க. உலகம் பூரா வாங்கினவங்க சத்தம் போட்டதும் அதே மாசம் பின்வாங்கினாங்க. சத்தம் போட்டா வேலை நடக்கும்.

சென்னைக்காரனுக்கு இது பெரிய விசயமே இல்லை. பழைய போர்டை ரிச்சி ஸ்ட்ரீட்டுல தள்ளிட்டு புதுசு வாங்கிட்டு வந்துடுவான். சிதம்பரத்துல நாலு வீதியையும் சுத்தி வந்தாலும் செகண்ட் ஹேண்ட் போர்டுக்கு ஆள் கிடைக்காது. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்லயும் அதே கதைதான். கடைசியில பழைய இரும்புக்காரர் தராசுல வைப்பாரு. நமக்குத்தான் போர்டு நீண்ட நாள் உழைக்கணும், நம்ம ஊர்லதான் "ஐ7 இருக்கா?"ன்னு மட்டும் கேக்கறோம். கடைக்காரரையும் முழுசா திட்ட முடியலை, கேக்கறதைத்தானே விக்கறாரு.

வீடியோ எடிட்டிங், ரெண்டரிங்னு பொழப்பு நடத்தறவங்களுக்கு அந்த இருபது கோர் நல்ல சரக்குதான், இல்லைன்னு சொல்லலை. அவங்க வேற, என் மாப்ளை வேற. 2025 கடைசியில ஏஐ கம்பெனிங்க அள்ளிட்டுப் போனதுல ரேம் விலை வேற எகிறிடுச்சு. காசை எங்க போடறோம்னு ரெண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கு.

பையன் ரெண்டாயிரம் அட்வான்ஸ் வேற குடுத்துத் தொலைச்சிருக்கான். கேட்டா "பில் போடலை, வேற செட் மாத்தித் தரேன்"னாராம் கடைக்காரர். நாளைக்கு காலைல பஸ் ஏறிப் போறேன்.

டிஸ்கி: இன்டெல் அபிமானிகள் கும்மியடிக்கலாம், மாடரேஷன் கிடையாது. அக்காகிட்ட மட்டும் கேம் விசயத்தைப் போட்டுக் குடுத்துடாதீங்க :-)