வலி தணிந்தால் நோய் தீர்ந்ததா?

நள்ளிரவில் கால் பெருவிரலின் அடிமூட்டு திடீரெனச் சிவந்து வீங்கி, போர்வை படுவதைக்கூடப் பொறுக்கவொண்ணாத வேதனையோடு விழித்தெழுகிற ஒருவர், பொழுது விடிந்ததும் 'எங்கேயோ இடித்துக்கொண்டேன் போலும்' என்று சமாதானம் செய்துகொண்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை விழுங்கி, இரண்டொரு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் அதை அடியோடு மறந்துவிடுவது நம்மிடையே சர்வ சாதாரணம். கௌட் என்னும் இந்த மூட்டுவாதம் மருந்தே இன்றியும் தானாகத் தணியும் சுபாவமுடையது. அந்தத் தணிவைக் குணம் என்று நம்புவதே பெரிய அனர்த்தம் என்பது என் அபிப்பிராயம்.

இரத்தத்தில் மிகுந்துபோன யூரிக் அமிலம், உடலின் குளிர்ந்த பாகமாகிய பாதத்து மூட்டில் ஊசிமுனை போன்ற ஸ்படிகங்களாகப் படிவதே இந்நோயின் காரணம். வலி நீங்கிய பின்னும் அவை அங்கேயே தங்கி, வருஷக்கணக்கில் மூட்டை அரித்துச் சிதைக்கின்றன. வலி உச்சத்திலிருக்கும் சமயம் எடுத்த இரத்தப் பரிசோதனை சரியான அளவையே காட்டக்கூடும் ஆதலால், அதை மட்டும் கண்டு நிம்மதி கொள்ளாமல், சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பதே ஐயந்திரிபற்ற நிரூபணம். ஜுரமும் குளிரும் சேர்ந்தாலோ, சர்க்கரை நோயாளியின் கால் இப்படிச் சிவந்தாலோ, மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம்; அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த வலிக்குத் தரப்படும் கால்சிசின் என்ற மருந்து, மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் பந்தலிட்டு வளர்க்கும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. நம் மண்ணில் விளைவதுதானே என்று அதன் கிழங்கை அரைத்துக் குடிப்பது பிராணாபத்து. வைத்தியர் குறித்த அளவில் மாத்திரையாக மட்டுமே உட்கொள்ளத் தகும்.

ஆகாரத்தைப் பற்றியும் வீண் பயம் அதிகம். பருப்பையும் கீரையையும் அறவே விலக்குகிறவர்கள் பீரையும் ஈரலையும் மத்தி மீனையும் குறைப்பதில்லை. பத்தியத்தால் மாத்திரம் அமிலம் போதிய அளவு இறங்குவதும் அரிது. அடிக்கடி வலி வருகிறவர்களுக்கு அலோபுரினால் போன்ற மருந்து நெடுங்காலம் தேவைப்படும். அதைத் தொடங்கிய முதல் மாதங்களில் வலி மீண்டும் தலைகாட்டினாலும் நிறுத்தலாகாது. ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்குவதைக் கைவிட்டு, அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்பதை வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வேண்டுகிறேன்.