ஃபைபர் இழுக்க வரும் பையனுக்கு யார் கற்றுக் கொடுப்பது?

வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வருகிற பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். முதுகில் ஒரு பை, பைக்கில் ஒரு ஏணி, கையில் சுருட்டிய கறுப்பு ஒயர். "எங்கேப்பா படிச்சே?" என்று கேட்டால், "ஒரு வாரம் அண்ணன் கூடப் போனேன் சார், அப்புறம் தனியா அனுப்பிட்டாங்க" என்பான். நான் விசாரித்த வரையில் பெரும்பாலும் இதே பதில்தான். தொலைபேசித் துறையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது உறுத்துகிறது. பையன் மேல் குறை சொல்ல வரவில்லை. அவனுக்கு யாரும் முறையாகக் கற்றுக் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் காலத்தில் வேலைக்கு எடுத்தவுடன் பயிற்சிக்கு அனுப்புவார்கள். சென்னை மீனம்பாக்கம், ஜபல்பூர், காஜியாபாத் என்று துறைக்குச் சொந்தமாகவே பயிற்சி மையங்கள் இருந்தன. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. காலையில் வகுப்பு, பிறகு செய்முறை, அதன் பிறகு ஃபீல்டில் அனுபவசாலி ஒருவரோடு அலைய வேண்டும். எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரியில் பாசிட்டிவை ஏன் எர்த் செய்கிறோம் என்பது முதல் பாடங்களில் ஒன்று. ஈரத்தில் ஒயர் அரித்துப் போகாமல் இருக்கத்தான். காரணம் தெரிந்தால்தான் வேலை கையில் நிற்கும் என்பது அன்றைய வாத்தியார்களின் கொள்கை.

அதைவிட முக்கியம், பழுது கண்டுபிடிக்கும் முறை. எக்ஸ்சேஞ்சின் எம்.டி.எஃப்.பில் புறப்படும் லைன் கேபினெட், பில்லர், டி.பி. என்று படிப்படியாக இறங்கி வீட்டுக்கு வரும். போன் செத்துவிட்டது என்றால் நேராகக் கருவியை மாற்றக் கூடாது. நடுவில் பில்லரில் சோதித்துப் பார்க்க வேண்டும். அங்கே டோன் இருந்தால் பழுது வீட்டுப் பக்கம், இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் பக்கம். மீதியை மறுபடி இரண்டாகப் பிரி. இப்படிப் போனால் நான்காவது சோதனைக்குள் இடம் அகப்பட்டுவிடும்.

இன்றைய ஃபைபரிலும் இதே கதைதான். எக்ஸ்சேஞ்சில் ஓ.எல்.டி., வழியில் ஸ்ப்ளிட்டர், வீட்டில் மோடம். செம்புக் கம்பியில் மின்சாரம் வந்தது, இதில் ஒளி வருகிறது. பவர் மீட்டரை வைத்தால் எவ்வளவு ஒளி வருகிறது என்று எண் காட்டும். மைனஸ் 20 என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் தகராறு. 3 டி.பி. குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். இந்தக் கணக்கைக் கற்றுக் கொடுக்க அரை நாள் போதும். அந்த அரை நாளைக்கூட ஒதுக்குவதில்லை.

விளைவு என்ன? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அடிக்கடி நெட் போய்க்கொண்டிருந்தது. மூன்று முறை மூன்று பேர் வந்து மோடத்தை மாற்றிவிட்டுப் போனார்கள். நான்காவதாக வந்தவர் கொஞ்சம் வயதானவர். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஜன்னல் கதவிடுக்கில் ஒயர் மடங்கி நசுங்கிக் கிடந்தது. ஃபைபர் கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். பத்து நிமிட வேலைக்கு மூன்று மோடமும் மூன்று வாரமும் செலவு.

"இப்போதெல்லாம் மெஷினே ஒட்டிவிடுகிறது, பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்ப்ளைசிங் மெஷின் அருமையான கருவிதான். 125 மைக்ரான் கண்ணாடி இழைகள் இரண்டை நேர் வைத்து உருக்கி ஒட்டுகிறது. நாங்கள் ஈயக் கேபிளில் ஒரு ஜாயின்ட் போட்டு முடிக்க மணிக்கணக்கில் குழியில் உட்கார்ந்திருப்போம். ஆனால் மெஷின் ஒட்டும், அவ்வளவுதான். எங்கே அறுந்தது என்று அது சொல்லாது. பச்சை முனையை நீல முனையில் செருகாதே என்று எச்சரிக்காது. பச்சை முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் அப்படியில்லை. இரண்டும் சரியாகப் பொருந்தாது. முனையில் ஒட்டிய தூசியை முதலில் துடை என்றும் மெஷின் சொல்லாது. இதையெல்லாம் ஒரு மனிதர்தான் சொல்லித் தர வேண்டும்.

பழுது தாமதமாவது ஒரு பக்கம். எனக்குப் பெரிய கவலை உயிர்ப் பயம். இன்று பாதி ஃபைபர் மின்கம்பத்தில்தான் தொங்குகிறது. பெல்ட் இல்லை, கையுறை இல்லை, செருப்புக் காலோடு பையன் ஏறுகிறான். மேன்ஹோலைத் திறந்தால் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, வாயு இல்லை என்று தெரிந்த பிறகே இறங்க வேண்டும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. நறுக்கிய ஃபைபர் துண்டு கண்ணுக்குத் தெரியாத ஊசி. விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது. இவையெல்லாம் அந்த ஒரு வாரத்தில் யார் சொல்லியிருப்பார்கள்?

பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. போன் கேட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். குழி தோண்டி முதுகு ஒடிந்த மஸ்தூர்கள் பலர் நீண்ட காலம் தினக்கூலியாகவே இருந்தார்கள். அதுவும் அநியாயம்தான். ஆனால் ஒன்று: ஸ்ட்ரோஜர் போய் ஈ-10பி வந்தபோதும், சி-டாட் வந்தபோதும், வேலையில் இருந்தவர்களையே மறுபடி வகுப்பில் உட்கார வைத்தார்கள். கற்றுக் கொடுப்பது தன் பொறுப்பு என்று துறை நினைத்தது. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் மட்டும் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். அவர்களோடு கைப்பழக்கமும் வாசலைத் தாண்டிவிட்டது. அதை வாங்கிக்கொள்ள அடுத்த வரிசையில் ஆள் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. அப்ரென்டிஸ் சட்டம் 1961-லிருந்தே இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. ஃபைபர் ஸ்ப்ளைசர், ஃபைபர் டெக்னீஷியன் என்று பாடத்திட்டங்களும் சான்றிதழும்கூட வந்துவிட்டன. ஆனால் வேலை இறங்கி இறங்கி மூன்றாவது கான்ட்ராக்டர் கைக்கு வந்து, இணைப்புக்கு இவ்வளவு ரூபாய் என்று ஆகும்போது, பையனுக்குப் பயிற்சி கொடுக்க யாருக்கும் மனம் வராது. பயிற்சி பெற்று அவன் வேறு இடத்துக்குப் போய்விட்டால் நஷ்டம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆகவே இதை அவரவர் விருப்பத்துக்கு விடக் கூடாது. மூன்று மாதம் சம்பளத்தோடு பயிற்சி, அனுபவசாலி ஒருவரின் கீழ் ஃபீல்டு வேலை, பெல்ட், ஹெல்மெட், இன்சூரன்ஸ். இவை இல்லாமல் யாரையும் கம்பத்தில் ஏற்றக் கூடாது என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். கம்பத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுப்பவர்களும் இதைக் கேட்கலாம். ஓய்வு பெற்ற ஜாயின்டர்களும் லைன்மேன்களும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டால் வர மாட்டோம் என்றா சொல்லப் போகிறோம்?

நம்மால் ஆவதும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பையன் வரும்போது, "சீக்கிரம் முடிப்பா" என்று விரட்டாதீர்கள். மழை தூறினால் நாளைக்கு வரச் சொல்லுங்கள். பெல்ட் இல்லாமல் கம்பத்தில் ஏறப் போனால், "வேண்டாம் தம்பி, எங்களுக்கு நெட் இல்லாட்டாலும் பரவாயில்லை" என்று தடுத்துவிடுங்கள். கம்பெனிக்குப் போன் செய்து கேட்கவும் செய்யுங்கள். வாடிக்கையாளர் கேட்டால்தான் அவர்கள் காதில் விழும்.