விண்கலத்தில் கக்கூஸ் கழுவுவது யார்?

தமிழில் விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. விஞ்ஞானக் கதை என்றாலே மூக்கைச் சுளிக்கும் நம் சிறுபத்திரிகை நண்பர்களோடு அதைவிடப் பெரிய சண்டை இருக்கிறது. இரண்டையும் ஒரே கட்டுரையில் போட்டுவிடலாம். இரு தரப்பும் செய்கிற தவறு ஒன்றுதான்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நானும் ஒரு விண்கலக் கதை எழுதினேன். நூற்றைம்பது வருஷப் பிரயாணம். ஒரு காப்டன், ஒரு துணைக் காப்டன், ஒரு டாக்டர், ஒரு பெண் விஞ்ஞானி, தத்துவம் பேசும் ஒரு கம்ப்யூட்டர். திருவொற்றியூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் ஆயில்மேனாக இருபது வருஷத்துக்கு மேல் ஓடியவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி:

'தம்பி, இந்தக் கப்பல்ல கக்கூசு யாரு கயுவறது?'

'அதுக்கெல்லாம் மிஷின் இருக்கும்ணே.'

'அந்த மிஷினு ரிப்பேராச்சின்னா?'

என்னிடம் பதில் இல்லை. கதையை மடித்து வைத்தேன். இன்னும் பிரசுரத்துக்கு அனுப்பவில்லை.

கப்பல் என்றால் என்னவென்று அன்றைக்கு அவர் எனக்குச் சொல்லித் தந்தார். மூன்று இலாகாக்கள். மேல்தட்டு, எஞ்சின், சாப்பாடு. மேல்தட்டில் காப்டன், சீஃப் ஆபீசர், அவர்களுக்குக் கீழே போசனும் அவனுடைய ஆட்களும். எஞ்சினில் சீஃப் எஞ்சினியர், கீழே ஃபிட்டர், ஆயில்மேன், அதற்கும் கீழே வைப்பர். வைப்பர் என்றால் துடைக்கிறவன். பதவியின் பெயரே அதுதான். சாப்பாட்டு இலாகாவில் குக்கும் ஸ்டூவர்டும். இதில் எந்த ஒரு ஆளை எடுத்துவிட்டாலும் கப்பல் சில நாட்களில் நாறும், அல்லது நிற்கும்.

இந்தப் படிக்கட்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து நீராவிக் கப்பல்களில் இந்திய மாலுமிகளுக்கு லஸ்கர் என்று பெயர். தட்டில் செராங்கு, அவனுக்குக் கீழே டிண்டல், கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ள கசாப், சுக்கான் பிடிக்க சுக்கானி. எஞ்சினில் வேறொரு செராங்கு, தீப்போடுகிறவர்கள், கரி அள்ளுகிறவர்கள். சமையலுக்குப் பண்டாரி. கக்கூஸ் கழுவ தோப்பாஸ். ஆள் எடுத்தபோது ஊரும் மதமும் சாதியும் பார்த்தே எடுத்தார்கள். தட்டுக்கு ஒரு பிரதேசத்து ஆள், எஞ்சினுக்கு வேறொரு பிரதேசம், சாப்பாட்டு இலாகாவுக்குக் கோவாக்காரர்கள். தோப்பாஸ் எந்தச் சாதிகளிலிருந்து வந்தான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கரையில் அந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டிருந்ததோ அவர்களே கடலிலும் அதைச் செய்தார்கள். டிண்டல் என்பது நம் தென்னாட்டுத் தண்டல்தான். தூத்துக்குடித் தோணியில் தண்டல் தலைவன். நீராவிக் கப்பலில் அதே சொல் செராங்குக்குக் கீழே இறங்கிக் கைகட்டி நின்றது. ஒரு சொல்லின் சம்பளம் குறைந்த கதை இது. நம் நாவலாசிரியர்கள் யாருக்கும் இது கண்ணில் படவில்லை.

மேலைநாட்டான் விண்கலத்தைக் கற்பனை செய்தபோது கப்பலை மறக்கவில்லை. 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் சட்டையின் நிறமே இலாகாவைச் சொல்லிவிடும். தலைமைக்குப் பொன்னிறம், விஞ்ஞானத்துக்கு நீலம், எஞ்சினுக்கும் காவலுக்கும் சிவப்பு. புதிய கிரகத்தில் இறங்கியதும் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு சிவப்புச் சட்டைக்காரன் சாவான். பார்த்தவர்கள் அதைக் கேலியாக்கினார்கள். கேலி செய்யவாவது அங்கே ஒரு சிவப்புச் சட்டை இருந்தது.

1979-ல் வந்த 'ஏலியன்' படம் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தது. ஏழு பேர் ஓட்டும் சரக்கு விண்கலம். எஞ்சினில் வேலை செய்யும் இரண்டு பேர் முதல் சாப்பாட்டிலேயே போனஸ் பங்கைப் பற்றித் தகராறு செய்கிறார்கள். கம்பெனியோ ஆட்கள் செத்தாலும் பாதகமில்லை, ஜந்துவைக் கொண்டுவா என்று ரகசிய உத்தரவு போட்டிருக்கிறது. அந்தக் கலத்தின் பெயர் நாஸ்ட்ரோமோ. அதிலிருந்து தப்பிக்கும் சிறு கலத்தின் பெயர் நார்சிஸஸ். இரண்டும் ஜோசப் கான்ராடிடமிருந்து வந்தவை. 1884 ஏப்ரலில் காப்டனோடு மனஸ்தாபம் முற்றி, 'ரிவர்ஸ்டேல்' கப்பலின் இரண்டாவது அதிகாரியாக இருந்த கான்ராட் இறங்கிய இடம் நம் மதராஸ். இங்கிருந்து பம்பாய் போய் அவர் ஏறிய கப்பல்தான் நார்சிஸஸ். நாஸ்ட்ரோமோ, 1904-ல் அவர் எழுதிய நாவலில் துறைமுகக் கூலிகளின் தலைவன். அந்த இத்தாலியச் சொல்லுக்குப் போசன் என்று பொருள். நம் பாஷையில் செராங்கு. ஆக, உலகம் கொண்டாடிய விண்கலத்தின் பெயர் செராங்கு. ராயபுரத்தில் தடுக்கி விழுந்தால் கிடைத்திருக்கக்கூடிய பெயர்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? 2018-ல் 'டிக் டிக் டிக்' என்று ஒரு விண்வெளிப் படம் வந்தது. ஆரம்பத்தில் விண்கல் ஒன்று எண்ணூரில் விழுகிறது. ஆட்கள் சாகிறார்கள். பிறகு அதைவிடப் பெரிய கல்லை உடைக்க விண்கலம் புறப்படுகிறது. அதில் ராணுவ அதிகாரிகள், ஒரு வித்தைக்காரன், அவனுடைய இரண்டு கூட்டாளிகள். எண்ணூருக்குக் கதையில் கொடுத்த வேலை சாவது மட்டும். ஒரு சினிமாவைத் திட்டுவது என் நோக்கமில்லை. என் கதையும் அதே கதைதான். நான் எண்ணூரைச் சாகடிக்கக்கூட இல்லை. யந்திரம் இருக்கும் என்று சொல்லி அழித்துவிட்டேன்.

அந்த யந்திரம் எப்படியிருக்கும் என்பதை நாம் நேரில் பார்த்தாயிற்று. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே ஒரு சமையல் வாயுக் கப்பலும் ஓர் எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கப்பலின் பெயர் 'டான் காஞ்சிபுரம்'. எர்ணாவூர்க் கரையில் தார்போல எண்ணெய் ஒதுங்கியது. கொண்டுவந்த உறிஞ்சு யந்திரங்கள் அந்தக் கசடுக்கு முன்னால் திணறின. பிறகு என்ன? வாளி. மனிதர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அப்போதும் மீனவர்களே படகிலிருந்து கையால் மொண்டார்கள். நம் ஊரில் 'யந்திரம்' என்று எழுதினால் அதற்குள் வாளியோடு ஒருவன் நிற்கிறான். எழுதுகிறவனுக்கு அது தெரியாமல் போவது கற்பனை வளத்தினால் அல்ல.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 2008 மே மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் கக்கூஸ் ரிப்பேராயிற்று. பூமியிலிருந்து பம்பு போனது. ராக்கெட்டில் பறந்துவந்த ருஷ்ய வீரர் ஒருவரே அதை மாட்டினார். அங்கே துடைப்பதும் கழுவுவதும் எல்லோருக்கும் பொது. தோப்பாஸ் இல்லை. ஆக, வழி இரண்டுதான். ஒன்று முறை வைத்து எல்லோரும் கழுவுவது, மற்றது ஒரு தோப்பாஸை வைத்துக்கொள்வது. எந்த விண்கலக் கதையும் முதல் பக்கத்திலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறது. யந்திரம் என்று சொல்லி நழுவுகிறவன் இரண்டாவதைத் தேர்ந்துவிட்டு வெளியே சொல்லாமலிருக்கிறான்.

இப்போது நம் நண்பர்கள். விஞ்ஞானக் கதையில் அகம் இல்லை, அனுபவம் இல்லை, அதனால் இலக்கியமில்லை என்கிறார்கள். சரி. உங்கள் கவிதைகளில் இருப்பது யார்? 'நான்'. ஜன்னலோரத்தில் நிற்கும் நான், மழையைப் பார்க்கும் நான், தன் நிழலோடு பேசும் நான். இந்த 'நான்' சாப்பிட்ட தட்டை எடுப்பது யார், அவன் வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்படி வந்தது, அவனுடைய தனிமைக்கு யாருடைய உழைப்பு செலவாயிற்று என்று ஒரு வரிகூட வருவதில்லை. அந்த 'நான்', எஞ்சின் ரூம் இல்லாத கப்பலில் தன்னந்தனியாக நிற்கும் காப்டன். விஞ்ஞானக் கதைக்காரன் அவனுக்கு ஒரு கம்ப்யூட்டரைத் துணைக்கு வைத்தான். நீங்கள் ஒரு காக்கையை வைத்தீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

கோஷம் எழுதச் சொல்லுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எஞ்சின் ரூமிலும் அகம் உண்டு. அந்தப் பெரியவர் தூக்கத்தில் எஞ்சினின் சத்தம் மாறினால் விழித்துக்கொள்வாராம். கப்பலை விட்டு வந்த பிறகு, சத்தமே இல்லாத வீட்டில் முதல் சில மாதங்கள் தூக்கம் வராமல் விழித்துக் கிடந்தாராம். இதைவிடப் பெரிய தனிமையை எந்தப் புதுக்கவிதையில் எழுதியிருக்கிறோம்?

கதையைத் திரும்ப எழுத எடுத்திருக்கிறேன். வைப்பரிலிருந்து ஆரம்பிக்கிறேன். காப்டன் எப்போது வருவான் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. முடித்ததும் பெரியவரிடம்தான் முதலில் படித்துக்காட்ட வேண்டும்.