குடிக்கூலியும் மானமும்

புதுவை நகரில் குடிக்கூலிக்கு வீடு தேடி அலைகின்றவர்கள் ஏராளம். வேலைக்கும், படிப்புக்கும், வைத்தியத்துக்கும் வருகின்றவர்கள் வீட்டைத் தலையில் சுமந்து கொண்டு வருவதில்லை. இவர்கள் ஒரு வாசலில் போய் நின்றால் பல இடங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "மாதம் தவறாமல் கூலி கொடுப்பீர்களா?" என்பதல்ல. "நீங்கள் எந்த ஆட்கள்? கறி, மீன் சமைப்பதுண்டா? படுக்கையாய்க் கிடக்கும் கிழவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்பவைதான். கடைசிக் கேள்விக்குக் காரணம் வேறொன்றுமில்லை. வீட்டில் சாவு நேர்ந்தால் தீட்டாம், அப்புறம் வீடு ராசி கெட்டுப் போகுமாம்!

நாம் கேட்கின்றோம்: வாங்குகின்ற கூலிப் பணத்துக்கு ஜாதி உண்டா? மீன் தின்கிறவன் கொடுக்கும் நோட்டில் கவுச்சி அடிக்கின்றதா? வீட்டுக்காரரின் பாட்டனார் வீட்டில் சாகாமல் ஆகாயத்திலா செத்தார்? சாகக் கிடக்கின்ற தகப்பனை வைத்துக் கொண்டு ஒருவன் தெருவில் நிற்கும்படி செய்வது எந்த மதத்துக்குப் பெருமை?

தீண்டாமையின் பேரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு பெற்றுக் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று 1955-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. அதனால்தான் கெட்டிக்காரக் கனவான்கள் "ஜாதி" என்று வாய்விட்டுச் சொல்லாமல், "சைவம் மட்டும்" என்று பலகை மாட்டுகிறார்கள் போலும்!

நிற்க, வீட்டுக்காரர், குடியிருப்பவர் ஆகிய இருவரின் கடமைகளும் புதுவைக்குப் புதிய சங்கதி அல்ல. 1819-ல் இங்கு அமுலுக்கு வந்த பிரெஞ்சுச் சிவில் சட்டமே, வீட்டைப் பழுது பார்த்துத் தந்து, குடியிருப்பவரை நிம்மதியாய் இருக்கவிடுவது வீட்டுக்காரர் கடமை என்றும், பொறுப்போடு வீட்டைப் பேணிக் காலத்தில் கூலி கட்டுவது குடியிருப்பவர் கடமை என்றும் பிரித்து வைத்தது. நியாயமான கூலியைத் தீர்மானிக்கவும், காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கவும் 1969-ல் புதுச்சேரிக்கென்றே தனிச் சட்டமும் செய்யப்பட்டது. 2021 ஜூனில் மத்திய மந்திரிசபை அங்கீகரித்த மாதிரிச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதக் கூலிக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை விரட்டக் கூடாது என்றும் கூறுகின்றது.

சட்டம் எதற்கு, வீட்டுக்காரர் நல்லவராயிருந்தால் போதாதா என்பார் சிலர். 1908 முதல் 1918 வரை புதுவையில் இருந்த பாரதி வாடகை வீட்டில்தான் குடியிருந்தார். வீட்டுக்காரரான விளக்கெண்ணெய்ச் செட்டியார் கூலி கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, பாக்கியைக் கேளாமலே திரும்பிவிடுவார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். செட்டியார் நல்லவர்தான். ஆனால் பாட்டுக் கட்டத் தெரியாத குடித்தனக்காரன் என்ன செய்வது? ஒருவருடைய தயவை நம்பிப் பிழைப்பதற்குப் பெயர் உரிமை அல்ல, பிச்சை.

குடியிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லுகின்றோம். வீட்டுக்காரர்கள் எல்லோரும் பிரபுக்கள் அல்ல. ஓட்டு வீட்டில் பாதியைக் கூலிக்கு விட்டு, அதிலேயே அரிசி வாங்கும் மூதாட்டிகளும் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் ஆறு மாதம் பாக்கி வைப்பதும், சொல்லாமல் உள்வாடகைக்கு விடுவதும், கெடு முடிந்தும் காலி செய்யாமல் "கோர்ட்டில் பார்த்துக் கொள்" என்று மிரட்டுவதும் சுயமரியாதை அல்ல, அயோக்கியத்தனமே. மேற்படி மாதிரிச் சட்டம், கெடு தாண்டி இருப்பவர் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்புக் கூலியும், பிறகு நான்கு பங்கும் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே தோழர்களே! வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். கூலி, அட்வான்ஸ், கெடு, பழுது பார்க்கும் பொறுப்பு ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாதந்தோறும் ரசீது கேட்டு வாங்குங்கள், கேளாமலே கொடுங்கள். வீட்டுக்காரர் கூலிக்கு விடுவது நாலு சுவரையும் கூரையையும்தான். அதற்குள் குடிவருகின்றவர் தமது பிறப்புக்கும், சாப்பாட்டுக்கும், சாவுக்கும் அவரிடம் உத்தரவு வாங்க வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.