காத்திருக்கும் தானியம்



நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறுவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். கடந்து மேலே சென்றால் சோளக்காடு என்னும் ஊரையும் அதன் சந்தையையும் காணலாம். பலாவும் அன்னாசியும் மலைவாழையும் அங்கே குவிந்து கிடக்கும். மிளகும் காபிக்கொட்டையும் மூட்டைகளாக நிற்கும். இத்தனை வளம் கொழிக்கும் மலையில் வறுமை எவ்வாறு குடிபுகுந்தது? இம்மாதம் இவ்வினாவைச் சற்றுச் சிந்திப்போம்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய கொல்லிமலை, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்துள்ளது. வல்வில் ஓரி ஆண்ட மலையென்று சங்க நூல்களால் நாம் அறிந்தது இதுவே. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகக் கூறுவர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என அவர்களது ஊர்த்தொகுதிகள் இன்றும் 'நாடு' என்றே வழங்குகின்றன. கடலும் இல்லை, ரயிலும் இல்லை. இம்மலையின் நீர், ஆகாயகங்கை அருவியாய் வீழ்ந்து சமவெளிக்குச் செல்கிறது. விளைபொருளும் அவ்வாறே கீழே இறங்கித்தான் விலை காண வேண்டும்.

முற்காலத்தில் பள்ளத்தாக்கு வயல்களில் நெல்லும், சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியனவும் விளைந்தன. பின்னர் மரவள்ளிக்கிழங்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாட்டு ஜவ்வரிசியின் வரவு தடைப்படவே, சேலத்தில் அத்தொழில் வேரூன்றிச் சுற்றுப்புறமெங்கும் பரவியது. ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. சாமை விளைந்த சரிவுகள் பல மரவள்ளிக் காடுகளாயின.

மலைவாசிகளை இதற்காகக் குறைகூறுதல் தகாது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் ரொக்கப் பணம் வேண்டுமன்றோ? மேலும் சாமையை உரலிலிட்டு உலக்கையால் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசமாகவும் கிடைக்கத் தொடங்கிய பின், அப்பாடு எதற்கு என்று தோன்றுவதும் இயல்பே.

ஆயினும் இம்மாற்றத்தில் ஓர் இழப்பு மறைந்துள்ளது. தோண்டியெடுத்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு மூன்று நாள்களுக்குள் கெடத் தொடங்கும். லாரி ஏறிய கிழங்கு திரும்பி மலையேறாது. ஆகவே கீழே சொல்லப்படும் விலையே விலை. சாமையோ அத்தகையதன்று. உலர்த்திப் பாதுகாத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். விலை சரிந்தால் விற்காமல் வைத்திருக்கலாம். எவரும் வாங்காவிடில் குடும்பமே உண்ணலாம்.

இவ்வுண்மையை ஆலை உரிமையாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். 1981-இல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஜவ்வரிசியைக் கிடங்கில் வைத்து விற்க வழிகண்டனர். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆம், ஜவ்வரிசி காத்திருக்கும், கிழங்கு காத்திராது. காத்திருக்க இயன்றவன் விலை பேசுகிறான். இயலாதவன் விலை கேட்கிறான். மலையின் வறுமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்நிலையை மாற்றும் முயற்சிகளும் இல்லாமற் போகவில்லை. டாக்டர் மா. சா. சுவாமிநாதன் 1988-இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1990-களிலிருந்து இம்மலையில் பணியாற்றி வருகிறது. மரபு விதைகளைக் காக்கச் சமூக விதை வங்கிகள் அமைந்தன. உமி நீக்கும் இயந்திரங்கள் ஊர்களுக்கே வந்து உலக்கையின் பாரத்தைக் குறைத்தன. சுயஉதவிக் குழுக்கள் சாமை, தினைப் பண்டங்களைச் செய்து விற்கலாயின. சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகும், அவற்றின் நிழலில் வளரும் காபியும் உலர்த்தினால் காத்திருக்கும் பொருள்களே. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நகரத்துக் கடைகளிலும் இவற்றின் பெயர் ஒலித்தது.

ஓர் ஆண்டு ஒலித்து ஓயும் பெயரால் மலைக்குப் பயனில்லை. சமவெளியில் வாழும் நம் இல்லங்களில் வாரம் ஒருநாளேனும் சாமைச் சோறோ தினைப் பொங்கலோ இடம்பெறுமாயின், சரிவில் விதைப்பவனுக்கு நம்பிக்கை பிறக்கும். கடையில் கேட்கும்போது, அது எந்த ஊரில் விளைந்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.

பிறிதொரு பாடமும் நமக்குண்டு. வருவது முழுவதையும் உடனே விற்றுச் செலவிடும் குடும்பம், அவசரம் வந்த நாளில் பிறர் சொல்லும் விலைக்குப் பணிய நேரிடும். சோளக்காட்டுச் சந்தையில் சாமை மூட்டையோடு அமர்ந்திருப்பவர், விலை படியாவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பலாம். அன்றிரவு அவர் வீட்டு அடுப்பில் உலை கொதிக்கும்.